லெகோ பெட்டியைப் பிரிப்பதா, பூட்டி வைப்பதா? டெல்டாவிலிருந்து ஒரு கணக்கு

"தங்கத்தைவிட லெகோவில் லாபம் அதிகம்" என்று ஒரு செய்தி 2021 கடைசியில் உலகம் முழுக்கச் சுற்றியது. இன்றைக்கும் அது ரீல்ஸாக உருமாறி வந்துகொண்டுதான் இருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் இந்தப் பொம்மைக் கட்டைகளைச் சேர்க்கும் பெரியவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள்: வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்காரர்கள், சிங்கப்பூர், துபாய் போய்த் திரும்பியவர்கள், கல்லூரி ஆசிரியர்கள். இவர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்.

1. ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு எதற்கு இவ்வளவு விலை?
2. பிரிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறுமாமே, நிஜமா?
3. இதே மாதிரி சீனப் பெட்டி கால் விலைக்குக் கிடைக்கிறதே, அது திருட்டுச் சரக்கா?

மூன்றுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு விற்பதற்காகப் பெட்டி சேர்ப்பவருக்குக் கணக்கு கட்டுப்படியாகாது. கட்டிப் பார்ப்பதற்காக வாங்குபவருக்கு அது செலவு. ஆனால் காசுக்குத் தகுந்த செலவு. காரணத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

## கட்டையில் என்ன இருக்கிறது

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932 இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் லெகோ ஆனது. பிளாஸ்டிக் கட்டை வந்தது 1949 இல். அதுவும் முழுக்கச் சொந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் விற்ற கட்டையைப் பார்த்து, அதில் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். கீழே சீனக் கட்டைகளைப் பற்றிப் பேசும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பகாலக் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கவில்லை. அதற்குத் தீர்வு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம்: மேலே குமிழ், அடியில் உள்ளே குழாய். கீழ்க்கட்டையின் குமிழ்கள் மேல்கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இறுக்கமாக நுழைகின்றன. 1963 முதல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அது வளையாது, நிறம் பிடிக்கும், அச்சிலிருந்து வெளியே வந்த பிறகு அளவு மாறாது.

இந்த அளவு விஷயம்தான் விலையின் முதல் காரணம். எடுத்து அளந்து பார்த்தால் புரியும். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். 'பிளேட்' எனப்படும் தட்டையான துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை. ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அது சரியாக இரண்டு குமிழ் அகலம். இதனால் ஒரு சுவரைப் படுக்க வைத்துக் கட்டி, அதை நிற்கும் சுவரோடு இடைவெளி தெரியாமல் பொருத்த முடிகிறது. பெரியவர்கள் இதில் மாட்டிக்கொள்வதே இந்தக் கணக்கினால்தான். 1958 வடிவத்தில் வந்த கட்டை இன்று வாங்கிய கட்டையோடும் பொருந்தும். அச்சு இம்மி பிசகினாலும் பிடிப்பு போய்விடும். ஒன்று தொளதொள, இல்லையென்றால் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மேலே போவதற்குமுன் சில சொற்கள்:

- செட்: எண் போட்டு, வழிகாட்டிப் புத்தகத்தோடு பெட்டியில் வருவது.
- பீஸ்: ஒரு தனித்துண்டு. பெட்டி மேல் 'இத்தனை பீஸ்' என்று போட்டிருக்கும்.
- மினிஃபிகர்: சுமார் 4 செ.மீ. உயரப் பொம்மை மனிதன். இப்போதைய வடிவம் 1978 முதல்.
- சீல்டு: உடைக்காத பெட்டி.
- ரிட்டயர்: நிறுவனம் ஒரு செட்டைத் தயாரிப்பதை நிறுத்திவிடுவது.
- மாக்: புத்தகம் பார்க்காமல் சொந்தமாக வடிவமைத்துக் கட்டுவது.

## விலை எப்படி வருகிறது

பெட்டி மேல் உள்ள பீஸ் எண்ணிக்கையால் விலையை வகுத்து, 'பீஸுக்குப் பத்து அமெரிக்க சென்ட்டுக்குள் வந்தால் சல்லிசு' என்று உலகம் முழுக்க ஒரு கைக்கணக்கு உண்டு. பயன்படும் கணக்குதான், ஆனால் ஏமாற்றவும் செய்யும்.

2021 இல் வந்த உலக வரைபட செட்டில் 11,695 பீஸ். அமெரிக்க விலை சுமார் 250 டாலர். வகுத்தால் ஒரு பீஸ் இரண்டு சென்ட்தான். அடேயப்பா என்று தோன்றும். பெட்டியைத் திறந்தால் பெரும்பகுதி சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒற்றைக் குமிழ் வட்டத் துண்டுகள். அவற்றைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். கட்டுவது என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதே சமயம் 2017 இல் வந்த, ஸ்டார் வார்ஸ் சினிமாவின் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தில் 7,541 பீஸ், வந்தபோது விலை 800 டாலர். பீஸுக்குப் பத்தரை சென்ட். 2025 இல் வந்த, அதே சினிமாவின் டெத் ஸ்டாரில் 9,023 பீஸ், விலை ஆயிரம் டாலர். பீஸுக்குப் பதினோரு சென்ட்.

இந்த வித்தியாசம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று பிளாஸ்டிக்கின் எடை. பெரிய துண்டு அதிகம் இருந்தால் பீஸ் எண்ணிக்கை குறையும், பெட்டி கனக்கும். இன்னொன்று உரிமம். ஸ்டார் வார்ஸ் உரிமத்தை லெகோ 1999 முதல் வைத்திருக்கிறது. படத்தின் சொந்தக்காரருக்குப் போகும் பங்கும் நீங்கள் கொடுக்கும் காசில்தான் இருக்கிறது. 2017 இல் மறுபடி வந்த தாஜ்மகால் செட்டில் 5,923 பீஸ், விலை 370 டாலர், பீஸுக்கு ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஷாஜகான் வாரிசுகள் யாரும் ராயல்டி கேட்டு வரவில்லை.

என்னைக் கேட்டால் பீஸ் எண்ணிக்கையைவிட ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. இந்தப் பெட்டியைக் கலைத்துப் போட்டால் அதிலிருந்து வேறு எதைக் கட்ட முடியும்? அந்த ஒரு கேள்வியிலேயே பாதி செட்டுகள் கழிந்துவிடும்.

பெரியவர்கள் தனிச்சந்தை என்பதை லெகோ தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டது. 2003, 2004 இல் நிறுவனம் மூழ்கும் நிலைக்குப் போனது. 2004 இல் யோர்கன் விக் க்னூட்ஸ்டார்ப் தலைமைப் பொறுப்பேற்றுத் தேவையில்லாத தொழில்களை விற்று, கட்டைக்குத் திரும்பினார். 2007 இல் 'கஃபே கார்னர்' என்ற தெருமுனைக் கட்டடம் வந்து, அடுத்தடுத்து ஒட்ட வைத்துத் தெருவாக்கும் வரிசை ஒன்று தொடங்கியது. 2020 முதல் கறுப்புப் பெட்டியில் '18+' என்று போட்டு விற்கிறார்கள். இந்த 18+ என்பது ஆபாசமோ ஆபத்தோ இல்லை. 'ஐயா, இது உங்களுக்குத்தான், கூச்சப்படாதீர்கள்' என்பதுதான் அதன் பொருள்.

## இந்தியாவுக்குள் வரும்போது

இங்கே விலை கூடுவதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. இரண்டு அரசாங்க முடிவுகள் பின்னால் இருக்கின்றன.

1. சுங்கவரி. இறக்குமதிப் பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 60 ஆனது. 2023 இல் 70 ஆனது. 10,000 ரூபாய் மதிப்புச் சரக்குக்கு 7,000 ரூபாய் வரி, அந்த 17,000 மேல் ஜிஎஸ்டி. நிறுவனம் வரி கட்டுவது இறக்குமதி மதிப்பின் மேல்தான், கடை விலையின் மேல் இல்லை. அதனால் கடையில் நீங்கள் பார்க்கும் விலை அப்படியே 70 சதவீதம் கூடியிருக்காது. ஆனால் ஒரு பகுதி நிச்சயம் உங்கள் தலையில்தான் விடியும்.

2. ஐஎஸ்ஐ முத்திரை. 2020 இல் கொண்டுவந்த பொம்மைத் தர ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மை எதுவானாலும் பிஐஎஸ் என்ற இந்தியத் தர அமைப்பின் சான்று வேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றால் அந்தத் தொழிற்சாலையே உரிமம் எடுக்க வேண்டும். அதனால்தான் வெளிநாட்டில் கிடைக்கும் எல்லா செட்டும் இங்கே கடைக்கு வருவதில்லை, வந்தாலும் பிந்தி வருகிறது. ஆன்லைனில் வெளிநாட்டு விற்பவரிடம் வாங்கிய பார்சல் சுங்கத்தில் நிற்பதும் உண்டு.

இதில் தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு சுவாரசியம். புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கு அதன் அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர்கள் விஷயத்தில் இந்த ஆணையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் விலக்கு. நம் தலையாட்டிப் பொம்மை புவிசார் குறியீடு பெற்றது. டென்மார்க் கட்டைக்கு முத்திரை வேண்டும், தலையாட்டிக்கு வேண்டாம். எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை.

இப்படி இரண்டு பக்கமும் வாசல் குறுகலாக இருப்பதால் டெல்டாவில் பெரிய செட்டுகள் வரும் வழி திருச்சி விமான நிலையம்தான். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மச்சான், சித்தப்பா யாராவது பெட்டியில் கொண்டுவருவார்கள். சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் கொண்டுவர ஒரு ரூபாய் வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், பில்லைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஆயிரக்கணக்கான பீஸ் உள்ள செட்டின் அட்டைப்பெட்டியே சூட்கேஸை அடைத்துக்கொள்ளும். கொண்டுவருபவர் பெரும்பாலும் அதை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் எண் போட்ட பைகளையும் புத்தகத்தையும் மட்டும் துணிகளுக்கு நடுவே அடுக்கி எடுத்துவருவார். கட்டுபவருக்கு இதில் நஷ்டமில்லை. முதலீட்டுக்காரருக்கோ அந்த நிமிஷமே பாதி மதிப்பு சாங்கி விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போய்விட்டது.

## ரிட்டயர் ஆனால் விலை ஏறுமா

ஏறும். சிலவற்றுக்கு நன்றாகவே ஏறும். 'கஃபே கார்னர்' 2007 இல் 140 டாலர். இன்று உடைக்காத பெட்டி ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகிறது. காரணம் எளிது. வந்தபோது பெரியவர்கள் கொஞ்சம் பேர்தான் வாங்கினார்கள். பிறகு அந்தத் தெரு வரிசையைச் சேர்க்க ஆரம்பித்தவர்கள் பல மடங்கு. எல்லோருக்கும் முதல் வீடு வேண்டும்.

தங்கத்தோடு ஒப்பிட்ட அந்தச் செய்திக்கு மூலம், மாஸ்கோவின் உயர் பொருளாதாரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செய்த ஆய்வு. 1987 முதல் 2015 வரை விற்பனையான சுமார் 2,300 செட்டுகளின் மறுவிற்பனை விலையைப் பார்த்தார்கள். சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீத உயர்வு என்று வந்தது. செய்தித்தாள்கள் அதோடு நிறுத்திக்கொண்டன. அதே ஆய்வில் தனித்தனி செட்டுகளின் ஆண்டு வருமானம் மைனஸ் 50 சதவீதத்திலிருந்து பிளஸ் 600 சதவீதம் வரை பரவிக் கிடந்தது. சராசரி என்பது எல்லாவற்றையும் வாங்கியவருக்குத்தான். நீங்கள் வாங்கப்போவது நாலைந்து பெட்டி.

இதைவிடப் பெரிய சிக்கல், அரிதாக்குவதும் மலிவாக்குவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது. இரண்டு உதாரணங்கள்:

1. தாஜ்மகால். முதல் செட் 2008 இல், 5,922 பீஸ், 300 டாலர். நிறுத்திய பிறகு அதன் விலை ஆயிரங்களில் போனது. 'இந்தியாவைச் சேர்ந்தது, இது இறங்கவே இறங்காது' என்று பேசினார்கள். 2017 இல் நிறுவனம் ஒரு பீஸ் மட்டும் கூட்டி, புது எண் போட்டு அதையே 370 டாலருக்கு மறுபடி விட்டது. பழைய பெட்டி வைத்திருந்தவர்களின் விலை சரிந்தது. 2021 இல் 2,022 பீஸில் சின்ன தாஜ்மகால் ஒன்றும் வந்தது.

2. மில்லேனியம் ஃபால்கன். 2007 இல் வந்த பெரிய ஃபால்கன் 500 டாலர். ரிட்டயர் ஆகி, சேகரிப்பவர்களின் கனவுப் பெட்டியாக இருந்தது. 2017 இல் அதைவிடப் பெரிதாக, அதைவிட நுணுக்கமாகப் புதியது வந்தது. பழையதைப் பல ஆயிரம் டாலருக்குத் தேடிக்கொண்டிருந்தவர்களில் பலர் புதியதை வாங்கிக்கொண்டு போனார்கள். புதியது ஆண்டுக்கணக்கில் கடையில் இருந்துகொண்டே இருந்தது. 'சீக்கிரம் நின்றுவிடும்' என்று இரண்டு மூன்று பெட்டி வாங்கி வைத்தவர்களின் பணம் அத்தனை காலமும் முடங்கிக் கிடந்தது.

இப்போது நம்மூர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கி ஐந்து வருஷம் கழித்து 45,000க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்தாயிரம் லாபம் என்றால் பெரிதாகத் தெரியும். ஆண்டுக்குக் கூட்டுவட்டிக் கணக்கில் அது 8.4 சதவீதம். பேக்கிங், கூரியர், விற்ற இடத்தின் கமிஷன் என்று 3,000 கழித்தால் 7 சதவீதம். அந்தப் பணம் பேங்க் டெபாசிட்டில் இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதே அளவு வந்திருக்கும், எலியும் கடித்திருக்காது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மறுவிற்பனைச் சந்தை அமெரிக்க, ஐரோப்பிய விலையை ஒட்டி நடக்கிறது. அங்கே 100க்கு வாங்கியவர் 150க்கு விற்றால் லாபம். வரியெல்லாம் சேர்ந்து இங்கே 140க்கு வாங்கியவருக்கு அதே 150 வெறும் கைக்காசு.

வாங்க ஆள் வேண்டுமே, அது அடுத்த பிரச்சினை. அரைப் பவுன் மோதிரத்தை மன்னார்குடியில் எந்த நகைக்கடைக்குக் கொண்டுபோனாலும் சாயங்காலத்துக்குள் பணமாகிவிடும். சீல்டு பெட்டிக்கு அப்படி ஒரு கடை கிடையாது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு ஆளைப் பிடித்து, அவர் நம்பும்படி படம் அனுப்பி, பெட்டியின் மூலை நசுங்காமல் கூரியரில் சேர்த்து, 'மூலை நசுங்கியிருக்கிறது சார், ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க' என்ற போனையும் எடுத்தாக வேண்டும்.

## சீனக் கட்டை: எது சட்டம், எது திருட்டு

'லெகோ இல்லாத கட்டை எல்லாம் டூப்ளிகேட்' என்று கண்டிப்புக்கார ரசிகர்கள் சொல்வார்கள். அது தவறு. இங்கே மூன்று வகை இருக்கிறது.

1. பொருந்தும் கட்டை. குமிழும் குழாயும் கொண்ட அடிப்படை வடிவத்தின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. 'இந்த வடிவமே எங்கள் வணிகச் சின்னம்' என்று லெகோ வாதாடிப் பார்த்தது. 2005 இல் கனடா உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2010 இல் ஐரோப்பிய நீதிமன்றமும் மறுத்தது. கட்டையின் வடிவம் ஒரு தொழில்நுட்ப வேலையைச் செய்கிறது, அதைச் சின்னம் என்று சொல்லி ஒருவர் காலத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் சாரம். எனவே சொந்த வடிவமைப்பில் பொருந்தும் கட்டை விற்பது நேர்மையான தொழில். லெகோவே எங்கிருந்து தொடங்கியது என்று மேலே பார்த்தோம்.

2. செட் காப்பி. பெட்டிப் படம், வழிகாட்டிப் புத்தகம், வடிவமைப்பு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது. லெப்பின் என்ற பெயரில் சீனாவில் இது பெரிய அளவில் நடந்தது. 2019 ஏப்ரலில் ஷாங்காய் போலீஸ் சோதனை போட்டு ஆறு லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளைப் பிடித்தது. அடுத்த ஆண்டு அதன் தலைவருக்கு ஆறு வருஷச் சிறை. இதை வாங்குவது யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்த உழைப்பை ஓசியில் எடுப்பது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

3. மினிஃபிகர் காப்பி. கட்டைக்குக் கிடைக்காத பாதுகாப்பு மினிஃபிகருக்கு உண்டு. அதன் வடிவத்தை ஐரோப்பாவில் வணிகச் சின்னமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். திருவிழாக் கடைகளில் கவரில் தொங்கும் சூப்பர்ஹீரோ பொம்மைகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

தரம் என்று பார்த்தால் இன்றைக்குச் சில சீன நிறுவனங்களின் கட்டை லெகோவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லாம் அல்ல. கடையில் கையில் கிடைத்தால் ஒரே நிறத்தில் பத்துக் கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்றுபோல் இருக்கிறதா? இரண்டைப் பொருத்தி, மேல்கட்டையைப் பிடித்துத் தூக்கி உதறுங்கள், கீழ்க்கட்டை விழுகிறதா? அப்புறம் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். அச்சு வாயின் பிசிறு குத்துகிறதா? இந்த மூன்றில் தேறினால், பெரிய சுவர் கட்ட அந்தக் கட்டை தாராளமாகப் போதும்.

## டெல்டாவின் வெயிலும் ஈரமும்

ஏபிஎஸ் உருக நூறு டிகிரிக்கு மேல் வேண்டும். தஞ்சாவூர்க் கத்தரி வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் செய்யும். வெள்ளையும் வெளிர் சாம்பலும் ஜன்னலோரத்தில் இரண்டு மூன்று கோடையைப் பார்த்தால் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு வெளுக்கும். ஆனால் நிரந்தரமில்லை, மறுபடி மஞ்சளாகும்.

கட்டையைவிடச் சீக்கிரம் கெடுவது மற்றதெல்லாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அட்டைப்பெட்டி உப்பும், மூலை பிரியும். வழிகாட்டிப் புத்தகத்தில் ராமபாணப் பூச்சி புகும். ஸ்டிக்கரின் பசை உலர்ந்து ஓரம் எழும்பும். ரப்பர் டயரும் ரப்பர் வளையமும் பிசுபிசுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்று வேறு. முதலீட்டுக்காரர் காப்பாற்ற வேண்டியது அட்டை, பசை, காகிதம். கட்டுபவர் காப்பாற்ற வேண்டியது பிளாஸ்டிக். நம் சீதோஷ்ணம் பின்னவருக்குத்தான் சாதகம்.

நடைமுறைக்குச் சில:

- பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம். இரும்பு பீரோவின் மேல்தட்டு நல்லது, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து போடலாம்.
- கழுவுவதானால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திர சோப்பு. 40 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று நிறுவனமே சொல்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கறுப்புக் கட்டைகளில் வெள்ளைத் திட்டு படியும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். மொட்டை மாடியில் காயப்போடாமல் ஃபேனுக்கடியில் துண்டில் பரப்புங்கள்.
- செம்பழுப்பு நிறப் பீஸ்களில் ஜாக்கிரதை. 2004 வாக்கில் வந்த இந்த நிறமும் அடர்சிவப்பும் சில ஆண்டுகளில் மொறுமொறுவென்று உடையும் என்பது சேகரிப்பவர்களிடையே பிரசித்தம். பிந்திய ஆண்டுப் பீஸ்களில் தொல்லை குறைவு. ஓட்டு வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இது முக்கியம்.
- சம்பா அறுவடை நேரத்தில் பறக்கும் தூசியைத் தடுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிதான் வழி. நவராத்திரிக்குக் கொலுப்படிக்குக் கீழே பார்க், தெரு என்று அமைக்கிறார்களே, அங்கே ஒன்பது நாள் காட்சிக்கு வைக்கலாம். வாண்டுகள் கை வைக்கத்தான் செய்வார்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் மட்டும் கண்டிப்பாக எட்டாத படியில் வையுங்கள், சிறு பீஸ் தொண்டையில் சிக்கும்.

## அப்படியானால் எதைச் சேர்ப்பது

முதலில், ஒரு வரம்பு. 'எல்லா ஸ்டார் வார்ஸும்', 'எல்லாத் தெருக் கட்டடமும்' என்று இறங்கினால் வாங்கும் வேகத்தை நிறுவனம்தான் நிர்ணயிக்கும். இடத்தால் வரம்பு போடுவது எளிது: ஒரு அலமாரி நிறைந்தால், புதியது வர வேண்டுமானால் பழையது கலைய வேண்டும். கலைக்க மனம் வராத செட் எது என்பது அப்போது தன்னாலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, செட்டைவிடப் பீஸைச் சேருங்கள். தனிப்பீஸ் விற்பவர்களை ஒன்று சேர்க்கும் பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை 2000 முதல் இருக்கிறது. 2019 இல் லெகோவே அதை வாங்கியது. இந்தியாவுக்குள் விற்பவரிடம் வாங்கினால் சுங்கத் தொல்லை இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் மூட்டையாகக் கிடக்கும் பழைய கட்டைகளும் நல்ல சரக்குதான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: இந்த ஊரைக் கட்டுவது. இந்தியக் கட்டடம் என்றால் பெட்டியில் திரும்பத் திரும்ப வருவது தாஜ்மகால். ரசிகர்கள் தங்கள் வடிவமைப்பைப் போடுவதற்கு லெகோ ஐடியாஸ் என்ற திட்டம் இருக்கிறது. 10,000 ஆதரவு கிடைத்தால் நிறுவனம் பரிசீலிக்கும், தேர்வானால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் ஒரு சதவீதம். ஆனால் மதம் சார்ந்த கட்டடங்களை அதில் ஏற்பதில்லை, நம் பெரிய கோயிலுக்கு அங்கே இடமில்லை. போகட்டும். வீட்டு மேசையில் கட்டுவதற்கு யார் ஆதரவும் தேவையில்லை.

பெரிய கோயில் விமானத்தின், அதாவது கருவறைக் கோபுரத்தின், உயரம் சுமார் 60 மீட்டர், அடித்தளம் சுமார் 30 மீட்டர் சதுரம். மினிஃபிகர் அளவுக்கு, அதாவது 42இல் ஒரு பங்காகக் கட்டினால் உயரம் 1.4 மீட்டர் வரும். அதற்கு வீட்டில் தனி அறையும் வீட்டுக்காரம்மாவின் சம்மதமும் வேண்டும். 300இல் ஒரு பங்காகக் குறைத்தால் உயரம் 20 செ.மீ., அதாவது 21 கட்டை. அடித்தளம் 10 செ.மீ., அதாவது பன்னிரண்டரைக் குமிழ். அந்த அரையில்தான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு வைத்தால் உச்சிக் கலசத்துக்கான ஒற்றைக் குமிழ் நடுவில் வராது, இரண்டு குமிழுக்கு இடையில் விழும். நடுவில் ஒரே குமிழ் உள்ள 'ஜம்பர்' என்ற பிளேட்டை வைத்து அரைக் குமிழ் நகர்த்த வேண்டும். பதின்மூன்று வைத்தால் நடு தானாகக் கிடைக்கும். ஆனால் பதின்மூன்று நீளத்தில் பிளேட் கிடையாது, ஒவ்வொரு அடுக்கையும் ஒட்டுப்போட்டு, இணைப்பு மேலுக்கு மேல் வராமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

அப்புறம் சரிவு. பதின்மூன்று தளமும் மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் நாலு குமிழ் அளவுக்கு வர வேண்டும். பன்னிரண்டு குமிழ் அடித்தளம் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு நாலு குமிழ் தூரத்தைப் பன்னிரண்டு படியில் பிரித்தால் ஒரு படிக்கு மூன்றில் ஒரு குமிழ். லெகோவில் அரைக்குக் கீழே சுலபமான நகர்வு இல்லை. அரை, அரை, பூஜ்யம் என்று மூன்று படிக்கு ஒரு சுற்றாக வைத்தால் கணக்கு சரியாக முடியும். ஆனால் பூஜ்யம் வரும் படியில் சுவர் நட்டுக்குத்தாக நிற்பது கண்ணில் உறுத்தும். அந்த இடத்தில் சரிவுத் துண்டுகளையும் ஒற்றைக் குமிழ் வட்டங்களையும் கூடு, சாலை எனப்படும் கோயில் அலங்கார வடிவங்களாகக் கோத்து மறைக்கலாம். நிறத்துக்கு வெளிர் மண்நிறமும் அடர் மண்நிறமும் கலந்து வாங்குங்கள். ஒரே நிறத்தில் கட்டினால் மத்தியான வெயிலில் எடுத்த போட்டோ மாதிரி தட்டையாக இருக்கும்.